சரிபார்ப்பு

கடன் கேட்பவர்களின் வீட்டைச் சரிபார்ப்பவன் நான்.
கதவைப் படம் எடுப்பேன். கரண்ட் அட்டையைப் படம் எடுப்பேன்.
பக்கத்து வீட்டில் பெயரைச் சொல்லிக் கேட்பேன்.
"ஆமா, இங்கதான்" என்று ஒரு குரல் வந்தால் போதும்.
வீட்டுக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
பெட்ரோல் என் கணக்கு.

பெரும்பாக்கம், எட்டாவது மாடி.
லிஃப்ட் பொங்கலுக்கு முன்னால் நின்றதாம்,
எந்தப் பொங்கல் என்று யாருக்கும் நினைவில்லை.
ஒரு பையன் தண்ணீர் கேனை
படிக்குப் படி தூக்கி வைத்து ஏறிக்கொண்டிருந்தான்.
இறங்கி வந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்று
தண்ணீருக்கு வழிவிட்டார்கள்.

கிருபாவதி, வயது நாற்பத்தொன்று.
முப்பதாயிரம், செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டருக்கு.
தொழில் என்ற இடத்தில்
'வீட்டு வேலை' என்று எழுதி அடித்துவிட்டு
'சமையல் கான்ட்ராக்ட்' என்று எழுதியிருந்தது
வேறு யாருடையதோ அழகான கையெழுத்து.

"சிந்தாரிப்பேட்ட ஆத்தோரம் இருக்கசொல்ல
நாலு வூடு தம்பி. நடந்தே பூட்டு வந்துருவேன்.
லாரில ஏத்தியாந்து இங்க வுட்டாங்க,
மொத மாசமே ரெண்டு வூடு போச்சு.
மொத பஸ்ஸ புட்ச்சி நான் போயி எறங்கசொல்ல
அவங்களே பால் காய்ச்சி
காபி குட்ச்சி முடிச்சிருப்பாங்க.
வண்டி இருந்தா மிச்சம் ரெண்டாவது நிக்கும்."

முகவரிச் சான்று கேட்டேன்.
ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒதுக்கீட்டு ஆணை வந்தது,
லேமினேட் செய்த டோக்கன் வந்தது,
அதற்கும் அடியிலிருந்து ஒரு போட்டோ:
இடிப்பதற்கு முந்தைய வாரம்,
குடிசை வாசலில், எண் எழுதிய சிலேட்டை
நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் போனை உயர்த்தியதும்
நிலைப்படி அருகே போய் நின்றாள்.
சொல்லாமலே
விண்ணப்பத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

கடைசித் திரையை அவள் பார்க்கவில்லை.
பிளாக் எண்ணை அடித்ததும்
'நெகட்டிவ் ஏரியா' என்ற கட்டம்
தானாகச் சிவந்துவிடும்.
என் விரல்கூட வேண்டாம்.
இந்த வேலையில் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும்
ஒரே ஆறுதல் அது.

ஒருமுறை மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன்.
நல்ல மனிதர். தீபாவளிக்குத் தன் கைக்காசில்
ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பவர்.
"நான் போட்ட ரூல் இல்லப்பா, மேலேர்ந்து வருது" என்றார்.
மேலே என்றால் எத்தனையாவது மாடி?
எத்தனையாவதாக இருந்தால் என்ன,
அங்கே லிஃப்ட் ஓடும்.

கிளம்பும்போது கேட்டாள்:
"நீ எந்தப் பக்கம் தம்பி?"
"மயிலாப்பூர்."
"அதான் பேச்சே வேற மாரி கீது."

ஆதாரிலும் மயிலாப்பூர்தான்.
அக்கா புருஷனின் சித்தி வீடு, கச்சேரி ரோடு பக்கம்.
அந்த வீட்டுக்குள் நான் மூன்று முறை போயிருக்கிறேன்.
முதலில் அந்த முகவரிக்குத்தான் வேலை கிடைத்தது.
பிறகு எனக்கு.

வண்டியை எடுத்து மெயின் ரோடு வரை போனேன்,
பெட்ரோல் பங்கில் பத்து நிமிஷம் நின்றேன்,
காற்று சரியாக இருந்தும் காற்று பிடித்தேன்,
இருட்டியதும் பின்பக்க வழியாக உள்ளே வந்தேன்.
அவள் பிளாக்குக்கு நாலு பிளாக் தள்ளி, ஐந்தாவது மாடி.
அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.
எங்கள் கதவை யாரும் படம் எடுத்ததில்லை.
நாங்கள் யாரிடமும் கடன் கேட்டதில்லை,
அந்தக் கட்டத்தின் நிறம்
எனக்குத் தெரியும் என்பதால்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது.
லுங்கியோடு, இரண்டு குடத்தோடு வரிசையில் நின்றேன்.
முன்னால் நின்றவள் திரும்பினாள்.

லோன் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.
என் குடங்களைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்,
கொஞ்ச நேரம் லாரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"ஏன் தம்பி,
மயிலாப்பூர்ல தண்ணி வர்லியா?"